ஸ்வெட்டரைக் கழற்றுமுன்: மலையகத்து ஜிம்மில் முதல் செட்டின் அறிவியல்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசிக் காலைகளில் அங்கே வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவது யாருக்கும் புதினமல்ல. ஹட்டனும் பண்டாரவளையும் அவ்வளவு குளிரில்லை என்றாலும், விடியற்காலையில் தகரக் கூரை ஜிம் ஒன்றில் இரும்புத் தண்டைப் பிடித்தால் உள்ளங்கை சில்லிட்டுப் போகும். வேலைக்கோ வகுப்புக்கோ போகுமுன் ஒரு மணித்தியாலம் கிடைக்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள். நேரம் போதாது என்றதும் முதலில் வெட்டுப்படுவது வோர்ம்-அப். கையை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே பெஞ்சில் படுக்கிறவர்கள் ஒரு ரகம். சூடேற்றுகிறேன் என்று ஒவ்வொரு எடையிலும் பதினைந்து தடவை தள்ளி, உண்மையான செட் (முழு எடையை இடைவிடாமல் தூக்கும் சுற்று) வருமுன்னே களைத்துப்போகிறவர்கள் இன்னொரு ரகம். வோர்ம்-அப் என்றால் வியர்ப்பது என்றுதான் இரண்டு ரகத்தாரும் நினைக்கிறார்கள். வியர்வை அதில் பாதிக் கதை.

முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம். மனித உடம்பின் சூடு 37 பாகை செல்சியஸ் என்று பாடசாலையில் படித்தது இதயமும் ஈரலும் இருக்கும் நடு உடலின் கணக்கு. ஓய்விலிருக்கும் தொடைத் தசை அதைவிட ஓரிரு பாகை குறைவு. தோலை நெருங்க நெருங்க இன்னும் குறைவு. முழங்கால் மூட்டின் உட்புறம் 33 பாகையை அண்டித்தான் இருக்கும். குளிர் கூடினால், கைகால்களுக்கும் தோலுக்கும் போகும் இரத்தக் குழாய்களை உடம்பு சுருக்கி, சூட்டை உள்ளுக்குள் மிச்சம்பிடிக்கும். உயிர் பிழைக்க அது நல்ல ஏற்பாடு. பாரம் தூக்க நல்லதல்ல.

ஏனென்றால் தசை சுருங்குவது ஒரு இரசாயன வினை. மயோசின் என்ற புரதம், சக்தியைச் சுமக்கும் ஏ.டீ.பி. மூலக்கூறை உடைத்து, அந்தச் சக்தியில் பக்கத்திலுள்ள அக்டின் இழையைப் பிடித்து இழுக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. சூடு கூடினால் இந்தப் பிடிப்பும் விடுப்பும் விரைவாக நடக்கும். நரம்பில் கட்டளை ஓடும் வேகம் ஒவ்வொரு பாகைக்கும் செக்கனுக்கு ஏறக்குறைய 2 மீற்றர் கூடும். ஈமோகுளோபின் தான் சுமந்து வந்த ஒட்சிசனைச் சூடான தசையில் இலகுவாக இறக்கி வைக்கும். மூட்டுக்குள்ளும் ஒரு மாற்றம் உண்டு. மலைநாட்டுக் குசினியில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்து இளக்காமல் காலையில் ஒரு சொட்டு ஊற்ற முடியாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவம் அப்படி உறைவதில்லை என்றாலும், குளிரில் தடிப்பதும் சூட்டிலும் அசைவிலும் இளகுவதும் அதன் குணமும்தான்.

இந்தச் சூட்டைத் தருவது தசையேதான். தசை செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோதான் வேலையாக மாறுகிறது, மற்றதெல்லாம் சூடாகக் கழிகிறது. அதனால் நடக்கத் தொடங்கிய மூன்று முதல் ஐந்து நிமிடங்களிலேயே தசையின் வெப்பம் சட்டென்று ஏறும். பத்து, இருபது நிமிடங்களில் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். நிறுத்திவிட்டுக் கால் மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தால் சேர்த்ததில் பெரும்பகுதி போய்விடும். லயத்திலிருந்து ஏற்றம் ஏறி ஜிம்முக்கு நடந்தே வருகிறவருக்குக் கால்களைப் பொறுத்தவரை இந்த வேலை வழியிலேயே முடிந்துவிடுகிறது. பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. எப்படி வந்தாலும் ஸ்வெட்டரை உண்மையான செட் தொடங்கும்வரை கழற்றாமலிருப்பது புத்தி. கண்ணாடியில் கை தெரியவேண்டும் என்பதற்காக வாசலிலேயே கழற்றிவிடுகிறவர்களுக்கு நான் சொல்லிப் பயனில்லை.

இனி மற்றப் பாதி. டென்மார்க்கைச் சேர்ந்த அஸ்முசென், போயே என்ற இருவர் 1945இல் சைக்கிள் மிதிப்பவர்களைச் சோதித்து, திறனைக் கூட்டுவது தசையின் சூடுதான் என்று காட்டினார்கள். 1987இல் சார்ஜன்ட் என்ற ஆய்வாளர் இன்னும் நுணுக்கமாகப் போனார். கால்களை 44 பாகை நீரில் வைத்து எடுத்தபின் மிதிக்கும் வலு சுமார் 11 சதவீதம் கூடியது. 18 பாகை நீருக்குப் பின் 12 சதவீதமும், 12 பாகை நீருக்குப் பின் 21 சதவீதமும் குறைந்தது. இந்த எண்களைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு செய்திதான் நமக்கு முக்கியம். நிமிடத்துக்கு 54 சுற்று என்று மெதுவாக மிதிக்கும்போது ஒரு பாகைச் சூட்டுக்குக் கிடைத்த ஆதாயம் 2 சதவீதம். 140 சுற்று என்று வேகமாக மிதிக்கும்போது 10 சதவீதம். கரப்பந்து வலைக்கு மேலே துள்ளுகிறவருக்குச் சூடு பெரிய வரம். தோளில் தண்டை வைத்து உட்கார்ந்தெழும் ஸ்குவாட்டைக் கனமான எடையில் மெதுவாகச் செய்கிறவருக்கு அதனால் கிடைப்பது கொஞ்சம்தான். ட்ரெட்மில்லில் இருபது நிமிடம் ஓடிவிட்டு முழு எடையின் கீழே போய் நின்றால் தண்டு அந்நியமாகத் தெரிவது இதனால்தான்.

அந்த அந்நியத்தைப் போக்கும் வேலை நரம்புத் தொகுதிக்கு உரியது. ஒரு நரம்புக் கலமும் அது இயக்கும் தசை நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. சிறிய அலகுகள் முதலிலும் பெரியவை கடைசியிலும் எழும்பும் என்பதை எல்வுட் ஹென்னமன் 1957 முதல் காட்டி வந்தார். ஐந்து கிலோ டம்பெல்லை இருபது தடவை ஆட்டினாலும், 80 கிலோவுக்கு வேண்டிய பெரிய அலகுகளில் பல அசையாமலே இருக்கும். அவற்றைக் கூப்பிட அவற்றுக்கேற்ற பாரம் வேண்டும். தண்டு எந்தக் கோட்டில் போகவேண்டும், எந்தத் தசை எப்போது விட்டுக்கொடுக்கவேண்டும் என்பதையும் உடம்பு அதே அசைவில்தான் ஒத்திகை பார்க்க முடியும். தசைநாண்களும் முதல் சில இழுப்புகளில் கொஞ்சம் இளகிய பிறகே ஒரு நிலைக்கு வரும்.

ஆகவே படிப்படியாக ஏறுகிறோம். மல்லாந்து படுத்துத் தண்டை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் உங்கள் உண்மையான செட் 80 கிலோ, 8 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ வெறும் தண்டில் 10 தடவை, 40 கிலோவில் 6, 60 கிலோவில் 3, 70 கிலோவில் ஒன்றே ஒன்று. எடை ஏற ஏறத் தடவைகள் குறைவதுதான் இதில் சூட்சுமம்: சூட்டுக்கு எண்ணிக்கை வேண்டும், நரம்புக்குப் பாரம் வேண்டும், களைப்பு இரண்டுக்குமே வேண்டாம். முதல் படிகளுக்கிடையில் அரை நிமிடம் போதும். 70 கிலோவுக்குப் பிறகு இரண்டு நிமிடம் உட்காரலாம். இத்தனைக்கும் தண்டு மேலே போனது இருபது தடவை. ஒவ்வொரு படியிலும் பதினைந்து செய்கிறவர் அறுபது தடவை தள்ளிய பிறகு 80 கிலோவில் ஐந்தோடு நின்றுவிடுவார், பிறகு சாப்பாடு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

எல்லா அசைவுக்கும் இந்தப் படிகள் வேண்டியதில்லை. தோளுக்கு, கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் லெட்டரல் ரெய்ஸை 20 தடவை செய்யப்போகிறீர்கள் என்றால் முதல் எட்டுப் பத்தே வோர்ம்-அப்தான். நின்றபடி ஒரு தசையைப் பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படி நீட்டினால் அதன் பலம் சிறிது நேரத்துக்குச் சற்றுக் குறையும், ஆகவே அதைக் கடைசிக்குத் தள்ளலாம். உயரத்தில் காற்று மெல்லியதாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு. கொழும்பிலிருந்து வந்து ஓடுகிறவருக்கு அது தெரியும். அரை நிமிடத்தில் முடியும் ஒரு செட்டுக்கு அவ்வளவாகத் தெரியாது.

இப்போது எந்த அசைவைத் தேர்வது என்ற கேள்விக்கு வருவோம். வோர்ம்-அப்பையும் பயிற்சித் தேர்வையும் தனித்தனித் தலைப்புகளாகப் பார்ப்பதுதான் வழமை. என் பார்வையில் இரண்டும் ஒரே முடிவு. பெஞ்ச் பிரஸ்ஸை முதலில் வைத்தால், ஏறிய அதே படிகள் நெஞ்சு, முன்தோள், மேற்கையின் பின்தசையான ட்ரைசெப்ஸ் மூன்றையும் தயாராக்கிவிடுகின்றன. அடுத்து வரும், சாய்ந்த பெஞ்சில் தள்ளும் இன்க்ளைன் டம்பெல்லுக்கு ஓர் இலேசான செட், அதற்கடுத்த ட்ரைசெப்ஸுக்கு அதுவும் வேண்டாம். ஒரு மணித்தியாலமே இருக்கிறவருக்கு இது பெரிய சேமிப்பு. நெஞ்சுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, திரும்ப முதுகுக்கு ஒன்று என்று தாவினால் ஒவ்வொரு முறையும் கீழ்ப்படியிலிருந்து ஏறவேண்டும், குளிரில் முந்தைய தசையும் ஆறிவிடும்.

எந்தத் தசை என்று முடிவெடுத்த பிறகு, அது எத்தனை மூட்டுகளைக் கடக்கிறது என்று பார்க்கவேண்டும். தொடையின் பின்தசையில் பெரும்பகுதி இடுப்பையும் முழங்காலையும் சேர்த்தே கடக்கிறது. ஸ்குவாட்டில் இறங்கும்போது இடுப்புப் பக்கம் நீளும் அது முழங்கால் பக்கம் சுருங்கிவிடுவதால், மொத்த நீளம் அதிகம் மாறுவதில்லை. 2019இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில் பத்து வாரம் ஸ்குவாட் செய்தவர்களின் பிட்டத் தசையும் உட்தொடையும் வளர்ந்தன, பின்தொடை வளரவில்லை. இன்னோர் ஆய்வு 2021இல் வந்தது. முழங்காலை மடக்கிப் பாரத்தை இழுக்கும் லெக் கர்லைக் குப்புறப் படுத்துச் செய்த காலின் பின்தொடை 9 சதவீதம் வளர, இடுப்பு மடிந்து அந்தத் தசை நீண்டிருக்கும்படி உட்கார்ந்து செய்த கால் 14 சதவீதம் வளர்ந்தது. நீண்ட நிலையில் பாரம் வாங்கும் தசை கூடுதலாக வளரும் போக்கு வேறு இடங்களிலும் தெரிகிறது. கையைத் தலைக்கு மேலே வைத்துச் செய்த ட்ரைசெப்ஸ் பயிற்சி, கையைப் பக்கத்தில் வைத்துச் செய்ததைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு வளர்ச்சி தந்தது. கெண்டைக்காலுக்கு நின்று செய்வதே மேல். உட்கார்ந்து முழங்காலை மடக்கினால் அதன் பெரிய தசை தளர்ந்துபோகும். நம் ஊர் ஜிம்களில் லெக் கர்ல் மெஷின் எல்லாவற்றிலும் இல்லை. தண்டைப் பிடித்தபடி, முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பில் குனிந்து நிமிரும் ரோமானியன் டெட்லிஃப்ட் செய்தாலே பின்தொடை நீண்ட நிலையில் நன்றாகப் பாரம் வாங்கும்.

"அண்ணே, நாங்க தெனமும் மலை ஏறி எறங்குறோம், காலுக்கு வேற எக்சசைஸ் எதுக்கு?" என்று ஒவ்வொரு ஜிம்மிலும் ஒரு தம்பி கேட்பார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. இறக்கத்தில் முன்தொடை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது; அதற்குப் பழகிய தொடை ஸ்குவாட் செய்த மறுநாள் அவ்வளவாக நோகாது. ஆனால் தசை பெருக, செட்டின் முடிவில் இன்னும் இரண்டு மூன்று தடவைதான் முடியும் என்ற எல்லைக்குப் பக்கத்தில் போகவேண்டும். ஆயிரக்கணக்கான எட்டுகள் வைத்தும் ஒவ்வொரு எட்டும் அந்த எல்லைக்கு வெகு கீழே இருந்தால், கிடைப்பது தாங்குதிறன், பருமனல்ல.

வேலை செய்த உடம்பையும் கணக்கில் எடுக்கவேண்டும். நாள் முழுக்கக் குனிந்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர் மாலையில் வந்து குனிந்தபடியே தண்டை இழுக்கும் பயிற்சியைச் செய்தால், முதுகுப் பக்கத் தசைக்கு முன்னால் இடுப்பு கைவிட்டுவிடும். சாய்ந்த பெஞ்சில் நெஞ்சைப் பதித்து டம்பெல்லை இழுத்தால் இடுப்புக்கு ஓய்வு, முதுகுக்கு வேலை. பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள். அதை நெற்றியில் கயிறு போட்டுச் சுமந்த கழுத்தோடு வருகிற பெண்ணுக்கும் தண்டைத் தலைக்கு மேல் தள்ளும் பயிற்சியை அன்று முதலாவதாக வைக்கமாட்டேன்.

தேர்ந்த அசைவு உங்களுக்கு ஒத்துவருமா என்று சொல்வதும் வோர்ம்-அப் படிகள்தான். வெறும் தண்டில் தோள் இறுக்கமாக இருந்து, 40இல் இளகி, 60இல் மறந்தே போனால் அது குளிரின் வேலை. தண்டில் ஒன்றுமில்லை, 40இல் ஒரு குத்து, 60இல் இன்னும் கூர்மை என்றால் அன்று அந்த அசைவை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கவேண்டும். டம்பெல்லுக்கு மாறி உள்ளங்கைகளை ஒன்றையொன்று பார்க்கத் திருப்பினாலே பலருக்குத் தோள் வலி போய்விடும். வாரக் கணக்கில் போகாவிட்டால் ஜிம் மாஸ்டரிடமல்ல, வைத்தியரிடம் காட்டவேண்டும்.

ஜிம்மே இல்லாத தோட்டங்களில் பால்மா டின்னில் சீமெந்து ஊற்றித் தண்டு செய்துகொள்பவர்கள் உண்டு. அதில் எடையைக் கூட்டிக் குறைக்க முடியாது என்பதால், தரையில் கையூன்றும் புஷ்-அப்பையே படிக்கட்டாக்கலாம். 60 சென்டிமீற்றர் உயரமான வாசல் கட்டின்மேல் கைகளை ஊன்றினால் கைகளுக்கு வருவது உடல் எடையில் 41 சதவீதம். 30 சென்டிமீற்றர் படியில் ஊன்றினால் 55. தரையில் 64. கைகளைத் தரையில் வைத்து, பாதங்களை அந்த 60 சென்டிமீற்றர் கட்டின்மேல் ஏற்றினால் 74. வாசல் கட்டின்மேல் எட்டு, படியில் ஐந்து, தரையில் மூன்று; பிறகு காலை மேலே தூக்கி வைத்து உண்மையான செட்டைத் தொடங்கலாம்.