இறக்கையில் தேடிய பனி எரிபொருளுக்குள் இருந்தது

குளிர்காலத்தில் ஏதோ ஒரு மலைப்பகுதியில் சிறிய விமானம் விழுந்தது என்று செய்தி வந்தால், அன்று மாலைக்குள் காரணமும் வந்துவிடும்: "இறக்கையில் பனி படிந்திருக்கும்." டிவியில் சொல்வார்கள், வாட்ஸப்பில் சொல்வார்கள், விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் ஹேங்கரில் டீ குடிக்கும்போது நாங்களும் சொல்வோம். பல விபத்துகளில் அது உண்மையும்கூட. மேகத்துக்குள் சுழியத்துக்குக் கீழே போயும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் இறக்கையின் முன்விளிம்பில் மோதியதும் உறைகின்றன. இறக்கையின் வடிவம் கெடுகிறது, தூக்குவிசை குறைகிறது, வழக்கமான வேகத்திலேயே விமானம் ஸ்டால் ஆகிறது, அதாவது இறக்கை அதைத் தாங்க முடியாமல் போகிறது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பது.

பாடப்புத்தகத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடும் இன்னொரு பனி உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2009 மார்ச் 22. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ராக்கி மலைகளுக்கு நடுவே பியூட் என்ற ஊர். அங்குள்ள பெர்ட் மூனி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் பிலாட்டஸ் பிசி-12 என்ற ஒற்றை எஞ்சின் விமானம் ரன்வேக்குச் சற்றுத் தள்ளி, பக்கத்திலிருந்த கல்லறைத் தோட்டத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். பனிச்சறுக்கு விடுமுறைக்காகக் கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய குடும்பங்கள். போக வேண்டிய ஊர் போஸ்மன். வழியில் பைலட் திடீரென்று பியூட்டில் இறங்க அனுமதி கேட்டார். காரணம் சொல்லவில்லை.

அதற்கு ஐந்தாறு வாரம் முன்புதான் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்திருந்தார்கள். அங்கும் முதலில் எல்லோரும் கைகாட்டியது இறக்கைப் பனியைத்தான். ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கை இறக்காமல் ஏற்றியதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் மார்ச் மாதத்தில் அந்த முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. எனவே பியூட் செய்தி வந்ததும் "மறுபடியும் பனி" என்ற பேச்சு கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

இந்த விமானத்தில் கருப்புப் பெட்டி இல்லை. அந்த வகை விமானத்துக்கு அது கட்டாயமும் இல்லை. விசாரணைக்கு உயிர் கொடுத்தது எச்சரிக்கை விளக்குகளை இயக்கும் ஒரு சின்ன மின்னணுப் பெட்டி. எந்த விளக்கு எப்போது எரிந்தது, எந்த பம்ப் எப்போது ஓடியது என்பதெல்லாம் அதன் நினைவகத்தில் பதிவாகியிருந்தது. சிதைந்த பெட்டியிலிருந்து அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்தத் தகவலை மீட்டது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த அறிக்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சரி, எரிபொருளுக்குள் பனி எப்படி வரும்? ஜெட் எரிபொருள் ஒரு வகை மண்ணெண்ணெய். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது போல அது முழுதாக உறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவில் புழங்கும் ஜெட் ஏ மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரைக்கும், நம் ஊரில் போடும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரைக்கும் தாங்கும். உறைவது அதற்குள் இருக்கும் தண்ணீர்.

எவ்வளவு சுத்தமான எரிபொருளிலும் கொஞ்சம் தண்ணீர் கரைந்திருக்கும். சூடாக இருக்கும்போது அதிகம் கரையும், குளிரக் குளிரக் குறையும். ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது நாங்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 21 செல்சியஸில், ஆயிரம் லிட்டருக்கு 70 மில்லி. கேட்டால் அற்பமாகத் தோன்றும். விமானம் 25,000 அடிக்கு ஏறி மணிக்கணக்கில் பறக்கும்போது டேங்க் குளிர்கிறது. கரைந்திருந்த தண்ணீர் நுண்துளிகளாகப் பிரிகிறது, அப்புறம் பனித்துகளாகிறது. அந்தத் துகள்கள் எரிபொருளோடு போய்ச் சேருகிற முதல் இடம் ஃபில்டர். மேகமே இல்லாத நீலவானத்திலும் இது நடக்கும். இறக்கைப் பனிக்கு மேகம் வேண்டும், இதற்குக் குளிர் மட்டும் போதும்.

தினமும் காலையில் டேங்கின் அடியிலிருந்து எரிபொருள் எடுத்துப் பார்க்கிறோமே, அதில் தெரியாதா என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. கண்ணாடி ஜாடியில் பிடித்து, ஒரு சுழற்று சுழற்றினால், தனியாக நிற்கும் தண்ணீர் அடியில் முத்தாகத் திரளும். சந்தேகம் வந்தால் வாட்டர் டிடெக்டர் கேப்ஸ்யூலை வைத்து உறிஞ்சிப் பார்க்கலாம், நிறம் மாறிவிடும். இரண்டுமே பிரிந்து நிற்கும் தண்ணீரைத்தான் காட்டும். கரைந்திருப்பதைக் காட்டாது. தரையில் தெளிவாகச் சோதனையில் தேறிய எரிபொருள் மேலே போய்ப் பனி கக்கலாம். (ஜாடி விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஜெட் எரிபொருளுக்கு நிறம் கிடையாது. ஜாடி முழுக்கத் தண்ணீராகவே வந்தாலும் "சுத்தமாக இருக்கிறது" என்று தோன்றும். முகர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. கடலோர ஊரில், மழைக்காலத்தில், பாதி டேங்கோடு ராத்திரி முழுக்க நின்ற விமானத்தில் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.)

இந்தக் கரைந்த தண்ணீருக்கு மருந்து ஒன்று உண்டு. பனித் தடுப்புச் சேர்மம். எரிபொருளில் 0.10 முதல் 0.15 சதவீதம் கலந்தால் போதும். பிரிந்து வரும் தண்ணீருக்குள் அது போய்ச் சேர்ந்துகொள்ளும், தண்ணீரின் உறைநிலையை வெகுவாகக் கீழே இறக்கிவிடும். பெரிய விமானங்களில் பெரும்பாலும் இது தேவைப்படாது, சூடான எஞ்சின் ஆயிலைக் கொண்டு எரிபொருளைச் சூடாக்கும் ஏற்பாடு அவற்றில் இருக்கிறது. பிசி-12 விமானத்தின் கையேடு வேறு மாதிரி சொல்கிறது: வெளிவெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும் எந்தப் பயணத்துக்கும் சேர்மம் கட்டாயம். சென்னையில் 35 டிகிரி வெயிலில் கிளம்பினாலும் 25,000 அடியில் சுழியத்துக்கு வெகு கீழேதான் இருப்போம். ஆகவே, உயரத்தில் போகிற ஒவ்வொரு பயணத்துக்கும் கட்டாயம் என்றே படிக்க வேண்டும்.

பியூட் விமானத்துக்கு அன்று எரிபொருள் போட்டது கலிஃபோர்னியாவின் வாக்கவில் என்ற ஊரில், நாமே போட்டுக்கொள்ளும் பம்பில். அதில் வந்த எரிபொருளில் சேர்மம் கலந்து வராது. போடுகிறவர்தான் சேர்மக் கேனை எரிபொருள் ஊற்றும் நாசிலோடு பொருத்தி, எரிபொருள் ஓடும்போதே தெளித்துக் கலக்க வேண்டும். பின்னால் ஊற்றிக்கொள்ளலாம் என்றால் நடக்காது, அது எரிபொருளோடு எளிதில் கலக்காமல் அடியில் போய்த் தங்கிவிடும். சரும நச்சு வேறு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கொஞ்சம் தொல்லைதான். அதனால்தான் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். இன்னொரு காரணம் இதைவிட ஆபத்தானது: விட்டுவிட்டாலும் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆகாது. பத்து முறை ஒன்றும் ஆகாமல் திரும்பிய பிறகு, கையேட்டில் கட்டாயம் என்று போட்டிருப்பது பரிந்துரை போலத் தோன்ற ஆரம்பிக்கும்.

அன்று ஆனது. ஃபில்டரில் பனி சேர்ந்து எரிபொருள் அழுத்தம் குறைந்தது. அழுத்தம் குறைந்தால் இரு இறக்கைகளிலும் உள்ள, எரிபொருளைத் தள்ளிக் கொடுக்கும் பூஸ்டர் பம்புகள் தாமாகவே ஓடத் தொடங்கும், ஓடின. பிறகு இடது பக்கத்து வரத்தும் பனியால் குறைய, எஞ்சின் வலது டேங்கிலிருந்தே குடித்தது. எஞ்சின் பயன்படுத்தாமல் திருப்பி அனுப்பும் எரிபொருள் இடது டேங்கிலும் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. வலது காலியாகிக்கொண்டே போக, இடது நிறைந்தே நின்றது. இந்த விமானத்தில் ஒரு பக்க டேங்க் நிரம்பினால் ஏறத்தாழ 600 கிலோ. அவ்வளவும் ஒரே இறக்கையில்.

இதில் எதுவும் ஒளிந்து நடக்கவில்லை. பைலட்டின் கண்ணெதிரே இரண்டு டேங்குகளுக்கும் பட்டைகளாக அளவு காட்டும் கருவி இருந்தது. இரு பக்கத்துக்கும் மூன்று பட்டைக்கு மேல் வித்தியாசம் வந்து, சரிசெய்ய முடியாமல் போனால், முடிந்த அளவு சீக்கிரம் தரையிறங்கு என்பது கையேட்டின் விதி. எல்லை தாண்டிய பிறகும் பயணம் தொடர்ந்தது. பியூட்டுக்குத் திருப்பும் முடிவு விபத்துக்குச் சுமார் அரை மணி முன்னால்தான் வந்தது. பைலட் முன்னாள் விமானப்படைக்காரர், ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர். வேகமாகப் பறக்கும்போது, விமானம் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் இறக்கை மடிப்புகளான எய்லரான்கள் இடது பக்க எடையைச் சமாளித்திருக்கும். தரையிறங்க வேகம் குறைக்கும்போது அவற்றின் பலமும் குறையும், எடை மட்டும் குறையாது. ரன்வேக்கு அருகே திரும்பும்போது விமானம் இடப்பக்கம் செங்குத்தாகச் சாய்ந்து கைமீறியது. அப்போது அங்கே பார்வைத்தூரம் நன்றாகவே இருந்தது. வானிலை அவரைத் தள்ளவில்லை.

2011-ல் வந்த அறிக்கை மூன்றைச் சொன்னது: சேர்மம் கலக்கப்பட்டதா என்று பைலட் உறுதி செய்யாதது, அழுத்தக் குறைவும் எடை வித்தியாசமும் தெரிந்தபின் உரிய நேரத்தில் இறங்காதது, கடைசியில் ரன்வே அருகே கட்டுப்பாடு இழந்தது. மூன்றில் முதலாவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், எங்கள் பயிற்சி வகுப்புகளிலும் அதுதான் ஓடும். எனக்கு இரண்டாவதுதான் பெரியது. சேர்மம் மறந்த விமானத்தைக் கீழிருந்த ஏதாவது ஒரு ரன்வேயில் இறக்கியிருக்கலாம். பனி உருக விட்டு, ஃபில்டரைப் பார்த்து, மறுநாள் பனிச்சறுக்குக்குப் போயிருக்கலாம். விடுமுறை, குழந்தைகள், இறங்க வேண்டிய ஊர் பக்கத்தில் வந்துவிட்டது என்ற எண்ணம்: இவையெல்லாம் காக்பிட்டில் என்ன செய்யும் என்பதை எந்தக் கருவியும் பதிவு செய்வதில்லை.

சிறிய விமானத்துக்குத்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 லண்டன் ஹீத்ரோவில் ரன்வேக்கு முன்னாலேயே புல்தரையில் இறங்கியது. எரிபொருள் குழாயில் சேர்ந்திருந்த பனி கடைசி நேரத்தில் பெயர்ந்து வந்து, எரிபொருளைச் சூடாக்க வேண்டிய அந்த வெப்ப மாற்றியின் வாயையே அடைத்துவிட்டது. இரண்டு எஞ்சின்களும் கேட்ட வேகம் கொடுக்கவில்லை. யாரும் சாகவில்லை. அந்த மாற்றியின் வடிவமைப்பைப் பிறகு மாற்றினார்கள்.

வாடகைக்குச் சிறிய விமானம் எடுத்து மலைப்பக்கம் போகும் பழக்கம் இப்போது கூடிக்கொண்டு வருகிறது. பயணியாக நீங்கள் கேட்கக்கூடியது அதிகமில்லை, ஆனால் கேட்கலாம். ஆளுக்கு ஒரு இருக்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பியூட் விமானத்தில் 14 பேருக்குப் பத்து இருக்கைதான் இருந்தது. விபத்துக்கு அது காரணமில்லை என்றாலும், மடியில் வைத்துக்கொண்டு போகும் பழக்கத்தை விடச் சொல்லி, கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனி இருக்கையும் பெல்ட்டும் வேண்டும் என்று வாரியம் தனியாக எழுதியது. "இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போகலாம்" என்று பைலட் சொன்னால் ஹோட்டல் புக்கிங்கைக் காட்டி வாதாடாதீர்கள். நடுவழியில் வேறு ஊரில் இறக்கினால் முகம் சுளிக்காதீர்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாரியம் கேட்டது எளிமையான ஒன்று. சேர்மம் தேவைப்படும் விமானங்களில் அதைக் கையேட்டின் உள்பக்கத்தில் மட்டும் எழுதிவைத்தால் போதாது, எரிபொருள் ஊற்றும் மூடிக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கை ஒட்டுங்கள் என்றது. நாசிலைப் பிடிக்கிற பையன் கையேடு படிக்க மாட்டான், மூடியைத் திறக்காமல் இருக்க மாட்டான். உங்கள் ஹேங்கரில் அந்த வகை விமானம் நின்றால் நாளைக் காலை போய்ப் பாருங்கள். ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப் போயிருந்தால் மாற்றிவிட்டு லாக் புத்தகத்தில் எழுதுங்கள்.