றெண்டரிங் எஞ்சின்: தமிழில் எப்படிச் சொல்வது?

குரோம், பயர்பொக்ஸ், சபாரி எதுவானாலும் உள்ளே வேலை செய்வது ஒரு றெண்டரிங் எஞ்சின். எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கம்), சிஎஸ்எஸ் (அதன் தோற்றம்) எழுத்துகளாக வந்துசேரும் பக்கத்தை வாசித்து, எது எங்கே எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்குப் பார்த்துத் திரையில் வரைவது அதுதான். முகவரிப் பட்டையும் பொத்தான்களும் வேறு கணக்கு.

'ரெண்டர்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீன் மூலத்தில் 'திருப்பிக் கொடு' என்று பொருள். பெற்றதை இன்னொரு வடிவில் தருவது என்ற கருத்து அதிலிருந்து கிளைத்தது. 'எஞ்சின்' லத்தீனில் பிறவித் திறமையைக் குறித்த சொல். இயந்திரம் ஆனது பிறகு. திருகோணமலையில் எஞ்சின் என்றால் வள்ளத்தின் பின்னால் பூட்டுவது. அரச ஆவணங்களில் அது 'வெளியிணைப்பு இயந்திரம்'. கடற்கரையில் அப்படிச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

'தேடுபொறி' வேரூன்றிவிட்டதால் எஞ்சினுக்குப் 'பொறி' போதும். இழுபறி றெண்டரிங்கில்தான். 'வழங்கல்' என்றால் வழங்கிக் கணினியோடு (சேர்வர்) குழம்பும். 'காட்சிப்பொறி' அழகுதான், ஆனால் ஐம்பொறி தெரிந்தவருக்கு அது கண்! 'காட்சியாக்கப் பொறி' என்பதே என் தெரிவு. சற்று நீளம், பொருள் பிசகாது.

'ஆக்கம்' ஏன் வேண்டும் என்பதற்கு நம் ஊர்ப் பெயரே சாட்சி. 'திருகோணமலை'யில் உள்ள 'கோ', கணினியில் முதலில் 'க', அடுத்து ஓகாரக் குறி என்றே சேமிக்கப்படுகிறது. திரைக்கு வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் அரவு பின்னாலும் நிற்க வேண்டும். 'லை'யின் குறியும் பின்னால் இருந்து முன்னுக்கு வர வேண்டும். இந்த அடுக்கலைக் குரோமும் பயர்பொக்ஸும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரலகத்திடம் விடுகின்றன. வரியை எங்கே முறிப்பது, எவ்வளவு அகலம் ஒதுக்குவது என்பன பொறியின் பாடு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே பக்கத்தில் வரும் நம் அரச தளங்களில் இது சின்ன வேலையல்ல.

திறந்த மூலப் பொறிகளுக்குள் பெரிய குடும்பம் கேஎச்டிஎம்எல் என்ற பழைய பொறியின் வழி வந்தது. அதிலிருந்து அப்பிளின் வெப்கிட் பிரிந்தது. வெப்கிட்டிலிருந்து 2013இல் கூகுளின் பிளிங்க். மொசில்லாவின் கெக்கோ தனிவழி.

சேர்வோ என்ற இன்னொரு பொறியின் கதை வேறு. ரஸ்ட் என்ற நிரல்மொழியில், சிபியுவின் பல கருக்களையும் ஒருசேரப் பயன்படுத்தும் நோக்கோடு 2012இல் மொசில்லாவில் தொடங்கியது. அதில் சிஎஸ்எஸ் பாணிகளைக் கணிக்கும் பகுதி 2017 நவம்பரில் பயர்பொக்ஸ் 57இல் சேர்ந்தது. 2020இல் மொசில்லா அந்தக் குழுவைக் கலைக்க, திட்டம் லினக்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. 2023இல் இகாலியா நிறுவனம் மறுபடி கையிலெடுத்தது. 2025 அக்டோபரில் 0.0.1 வெளிவந்தது.

அன்றாட உலாவியாக வைத்துக்கொள்ளலாமா? இப்போதைக்கு வேண்டாம். வேறு செயலிகளுக்குள் பொருத்துவதே சேர்வோவின் முதல் நோக்கம். கூட வரும் உலாவி வெறும் மாதிரி. வங்கி வேலைக்கு அதை நம்பி இறங்காதீர்கள். தமிழ்ப் பக்கங்களைத் திறந்து, கொம்பு இடம் மாறினால் வழு அறிக்கை எழுதிப் போடலாம்.