மாற்று மூட்டு நடந்தால் தேயுமா?

"மூட்டு இருபது வருஷம்தான் தாங்குமாம். அதனால பார்த்துப் பார்த்துதான் நடக்கிறேன்" என்கிறார் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு அத்தை ஒருவர். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவர். கோயில் கூப்பிடு தூரம்தான், அதற்கும் ஆட்டோ. வண்டி டயர் போல, ஓடினால் தேயும், நிறுத்தி வைத்தால் மிச்சம் என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கில் பாதி சரி. மீதிப் பாதிதான் அவரை நாற்காலியோடு நாற்காலியாக ஆக்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் உள்ளே என்னதான் வைக்கிறார்கள்? மூட்டையே கழற்றிவிட்டு வேறு மாட்டுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. எடுப்பது கொஞ்சம்தான். தொடை எலும்பின் அடிமுனையிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் கெட்டுப்போன பரப்பை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். மேலே கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகத்தில் ஓர் உறை, கீழே அதே உலோகத்திலோ டைட்டானியத்திலோ ஒரு தட்டு. பெரும்பாலும் 'போன் சிமென்ட்' வைத்து இவற்றை எலும்போடு ஒட்டுகிறார்கள். பெயர்தான் சிமென்ட், பொருள் ஒருவகை அக்ரிலிக் பிசின். இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வில்லை, ஒன்பது பத்து மில்லிமீட்டர் கனத்தில். நடக்கும்போது உலோகம் உரசுவது இந்தப் பிளாஸ்டிக்மேல்தான். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு 'டக்' என்று சத்தம் கேட்பதும் இவை இரண்டும் தட்டிக்கொள்வதால்தான். வலி இல்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

அந்தப் பிளாஸ்டிக் பாலிஎத்திலீன். கடையில் கொடுக்கும் கேரிபேக்கும் அதே இனம், ஆனால் மூட்டில் வைப்பதன் மூலக்கூறுச் சங்கிலிகள் பல மடங்கு நீளம், அதனால் தேய்மானம் மிகக் குறைவு. இதை மூட்டு மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. இடுப்பு மூட்டுக்கு அவர் முதலில் பயன்படுத்தியது டெஃப்லான் என்ற வேறொரு பிளாஸ்டிக். சில வருடங்களிலேயே அது தேய்ந்து, சுற்றிலும் கட்டிகள் கிளம்பி, ஆபரேஷன்கள் வரிசையாகத் தோற்றன. 1962-ல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். மாறியதோடு விடவில்லை. இரண்டு பிளாஸ்டிக்கின் தூளையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டு காத்திருந்தார். டெஃப்லான் போன இடத்தில் முடிச்சு வளர்ந்தது, பாலிஎத்திலீன் போன இடத்தில் கையில் தட்டுப்படும்படி எதுவும் இல்லை. இன்றைய ஆராய்ச்சி ஒழுங்குமுறைக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. ஆனால் அவர் பிடித்த நுனி சரியானது: தேய்மானத்தைவிட, தேய்ந்து உதிரும் தூளை உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு நாளைக்கு 5,000 அடி நடப்பவருக்கு ஒரு காலுக்கு 2,500 அடி. வருடத்துக்கு 9 லட்சத்துக்கும் மேல், 25 வருடத்தில் இரண்டே கால் கோடி. ஒவ்வொரு அடியிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் உதிர்கின்றன. பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மேக்ரோஃபேஜ் எனப்படும் வெள்ளணுக்கள் இவற்றைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. செரிக்க முடிவதில்லை. ஆபத்து ஆபத்து என்று ரசாயன சமிக்ஞைகளை விட்டுக்கொண்டே இருக்கின்றன. அதைக் கேட்டு, எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. வருடக்கணக்கில் இது நடந்தால் உலோகத்தைச் சுற்றியுள்ள எலும்பு அரித்துப்போய் மூட்டு ஆடத் தொடங்கும். அதாவது தேய்மானத்தால் தோற்கும் மூட்டுகள் பலவற்றில் உலோகம் உலோகமாகவே இருக்கும், அதைப் பிடித்திருந்த எலும்புதான் கைவிட்டிருக்கும்.

பழைய மூட்டுகளில் இந்தத் தொல்லை அதிகம். காற்றுள்ள உறைக்குள் காமா கதிர் பாய்ச்சிப் பிளாஸ்டிக்கைச் சுத்திகரித்ததால், அலமாரியில் இருக்கும்போதே அது ஆக்சிஜனோடு சேர்ந்து நொறுங்கும் தன்மை பெற்றது. 1990-களில் காரணம் புரிந்து, ஆக்சிஜன் படாமல் அடைக்கத் தொடங்கினார்கள். பிறகு சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்த பிளாஸ்டிக் வந்தது, அதில் வைட்டமின் இ கலந்ததும் வந்தது. இடுப்பு மூட்டில் இவற்றின் பலன் பளிச்சென்று தெரிகிறது. முழங்காலில் முடிவுகள் அவ்வளவு தெளிவாக இல்லை.

சரி, எத்தனை வருடம்? 2019-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தது. முழு மூட்டு மாற்றில் 25 வருடம் தாண்டியும் சுமார் 82 சதவீதம் நிலைத்திருந்தன. பாதி மூட்டை மட்டும் மாற்றியவர்களில் சுமார் 70 சதவீதம். ஆக, "இருபது வருஷம்தான்" என்பது காலாவதித் தேதி கிடையாது. 25 வருடம் முன்னால் வைத்தது அன்றைய பிளாஸ்டிக் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. 'நிலைத்திருந்தது' என்றால் மறு ஆபரேஷன் நடக்கவில்லை என்று மட்டுமே பொருள். வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவரின் மூட்டும் வெற்றிக் கணக்கில்தான் வரும். முழங்கால் மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இல்லை என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லும் மருத்துவரை நான் அதிகம் நம்புவேன்.

இன்னொன்று, வயது. 2017-ல் அதே இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு கேள்வியையே மாற்றிப் போட்டது: மூட்டு எத்தனை வருடம் தாங்கும் என்பதை விட்டுவிட்டு, இந்த மனிதருக்கு ஆயுளில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுமா என்று கேட்டது. 70 வயதுக்கு மேல் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்குத்தான் தேவைப்பட்டது. ஐம்பதுகளின் தொடக்க வயதில் செய்துகொண்ட ஆண்களுக்கோ இது ஏறக்குறைய 35. எங்கள் அத்தைக்கு வயது 72. அவர் மூட்டைச் சேமித்து வைக்க வேண்டிய கட்டத்தில் இல்லை. 52 வயதில் "இப்பவே முடிச்சிடுங்க டாக்டர்" என்று போகிறவர்தான் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

விளம்பரங்களில் வரும் '30 வருஷ முழங்கால்' பற்றியும் ஒரு வார்த்தை. அது ஆய்வகத்தில் இயந்திரம் கோடிக்கணக்கான முறை மடக்கி நீட்டிப் பார்த்துக் கிடைத்த எண். இயந்திரத்துக்குச் சர்க்கரை நோய் கிடையாது, பஸ் படியில் தடுக்கி விழாது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் முழங்கால் உபகரணங்களுக்கு உச்சவரம்பு விதித்தபோது, வழக்கமான கோபால்ட்-குரோமியம் வகைக்கு வைத்த விலை ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய். மேலே சொன்ன 82 சதவீதத்தில் பெரும்பங்கு இந்தச் சாதாரண வகைதான். வசதி இருந்தால் விலை கூடியதை வாங்கலாம், கடன்பட்டு வாங்கத் தேவையில்லை.

இப்போது டயர் கணக்கின் தவறான பாதிக்கு வருவோம். நடக்காமல் இருந்தால் துகள் குறையும், உண்மை. கூடவே தொடைத் தசை கரையும், எலும்பு மெலியும், எடை ஏறும், சர்க்கரை ஏறும். உலோகத்தைப் பிடித்திருப்பது உயிருள்ள எலும்பு, அது பாரம் பட்டால்தான் கெட்டியாக இருக்கும்.

பாரம் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பெர்லினில் சில நோயாளிகளுக்கு உள்ளேயே சென்சார் பொருத்திய முழங்கால்களை வைத்து அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப் போல் 2.6 மடங்கு, படி ஏறும்போது 3.2 மடங்கு, இறங்கும்போது 3.5 மடங்கு. 70 கிலோ உள்ளவர் படி இறங்கினால் ஒரு முழங்காலில் 240 கிலோ. திருவந்திபுரம் ஔஷதகிரிக் குன்றில் ஹயக்கிரீவரைப் பார்க்க மூச்சு வாங்க ஏறுவதைவிட, தரிசனம் முடிந்து சுலபமாக இறங்குவதுதான் மூட்டுக்குக் கடினம். ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் வரிசையில் போங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறுக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. ஒன்றரை கிலோமீட்டர் சமதளம், உட்கார இடமும் உண்டு. மாற்று மூட்டுக்கு இதைவிடத் தோதான மைதானம் இந்தப் பக்கம் இல்லை. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடப்பதை முதல் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடலாம்.

தரையில் உட்காரலாமா என்பதுதான் நம் ஊரில் எல்லாரும் கேட்பது. நடக்க முழங்கால் 70 டிகிரி மடங்கினால் போதும். படிக்கு 90-ஐ ஒட்டி, நாற்காலியிலிருந்து எழ 100 சொச்சம். சம்மணத்துக்கும் குந்துவதற்கும் 110-லிருந்து 165 வரை வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் கிடைப்பது 110 முதல் 120. அதற்கு மேல் மடக்கினால் பாரம் முழுவதும் பிளாஸ்டிக்கின் பின்விளிம்பில் ஒரு சிறு இடத்தில் குவியும். கல்யாணத்தில் கொஞ்ச நேரம் பாயில் உட்கார்ந்து எழுவது வேறு, பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பருப்புத் தொலி உரிக்கும் பெண்கள்போல் நாள் முழுக்கத் தரையில் இருப்பது வேறு. இரண்டாவது வேண்டாம். வேலைக்கு ஒரு மேசையும் வீட்டுக்கு ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும் ஆபரேஷன் செலவிலேயே சேர்க்க வேண்டியவை.

முதல் வாரங்களில் பலர் செய்யும் ஒரு காரியம்: இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது. கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும், பிறகு எத்தனை மாதம் பயிற்சி செய்தாலும் முழுசாக நீட்ட வராமல் போகலாம். தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கட்டும். முழங்கால் தொங்கி, தன் எடையிலேயே நேராகும். வலிக்கத்தான் செய்யும்.

மூட்டைச் சீக்கிரமே தோற்கடிப்பது தேய்மானத்தைவிடக் கிருமி. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வருகிறது, ஆனால் வந்தால் பெரிய போராட்டம். உலோகத்தில் ரத்த ஓட்டம் கிடையாது, அங்கே ஒட்டிக்கொண்ட பாக்டீரியா தன்மேல் ஒரு வழவழப்பான படலத்தைப் போர்த்திக்கொண்டால் மாத்திரையும் ஊசியும் எட்டுவது கடினம். ஆபரேஷன் நாளில்தான் கிருமி நுழைய வேண்டும் என்றில்லை. பத்து வருடம் கழித்துக்கூட, காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணிலிருந்து ரத்தம் வழியாக வந்து சேரலாம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை. யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்த கரை இது. 1975-ல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அந்த நோயோடுதான் பல வருடம் மல்லுக்கட்டியது. பழைய வீக்கம் உள்ள காலில் விரலிடுக்கு வெடிப்பும் சேற்றுப்புண்ணும் கிருமிக்குத் திறந்த வாசல். தினமும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைப்பது மூட்டுக்கும் சேர்த்துச் செய்யும் காவல். மாற்றிய முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடானால், பக்கத்து கிளினிக்கில் ஊசி குத்தி நீர் எடுக்கவோ எண்ணெய் போட்டு நீவவோ விடாதீர்கள். ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

துகளால் எலும்பு அரிப்பது பல வருடம் வலியே இல்லாமல் நடக்கும். நாற்காலியிலிருந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் மட்டும் சுருக்கென்று வலித்தால் மூட்டு ஆடுகிறதோ என்று சந்தேகிக்கலாம். அந்த வலி வரும்வரை காத்திருக்காமல் சில வருடங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்தால், அரிப்பு தொடங்கும்போதே தெரியும். உலோகம் உறுதியாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் சிலருக்குப் பிளாஸ்டிக் வில்லையை மட்டும் மாற்றினால் போதும். விட்டுவிட்டால் நீண்ட தண்டு வைத்த பெரிய உபகரணம், கூடுதல் செலவு, நீண்ட படுக்கை.

அப்படி மறுபடி திறக்க நேர்ந்தால் மருத்துவர் முதலில் கேட்பது, உள்ளே இருப்பது எந்தக் கம்பெனி, எந்த அளவு என்பதுதான். அந்த விவரம் டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர்களில் இருக்கிறது. 2011-ல் 'தானே' புயல், 2015-ல் வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயல் என்று நம் ஊரில் பீரோவின் கீழ்த்தட்டுக் காகிதங்களுக்கு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வாட்ஸ்அப்பில் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.