பிரதமர் போனால் முட்கம்பி போகாது

ஐயா மேசையில் வைத்த கடித உறை உடைக்கப்படாமலே இருந்தது. பதிவுத்தபால் ஒட்டு, பிரதேச செயலக முத்திரை, வியர்வையில் கொஞ்சம் கலங்கிப்போன பெயர். இரண்டு மாதமாக அலுமாரிக்குள், குடும்ப அட்டையோடு ஒரே சொப்பிங் பையில் கிடந்திருக்கிறது. உடைத்துப் பார்த்தேன். காணி எடுத்தல் சட்டம், 4ஆம் பிரிவு அறிவித்தல்: உங்கள் காணியை அரசாங்கம் எடுக்க நினைக்கிறது, ஆட்சேபனை இருந்தால் எழுதுங்கள் என்று. ஆட்சேபனை அனுப்பக் கொடுத்த கடைசித் திகதி போய் 31 நாள்.

"ஏன் ஐயா உடைக்கேல்லை?"

"அரசாங்கம்தானே தம்பி விழுந்திட்டுது. ஆமிப் பிரச்சினையில பிரதமர் விலகிட்டாராம். இனி இந்தக் கடிதம் செல்லாதெண்டு தேத்தண்ணிக் கடையில கதைச்சாங்கள்."

கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வழக்குக் கட்டோடு ஓடித் திரிகிற எனக்கு இந்த வருடத்தில் இது மூன்றாவது. மற்ற இரண்டு பேருக்கும் பொறுமையாகத்தான் சொன்னேன். இந்தமுறை முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஐயாவின் பேரன் போனை நீட்டினான். யாரோ அனுப்பிய வீடியோ, மேலே பெரிய எழுத்தில் "பிரதமர் ராஜினாமா! இராணுவத் தளபதி விவகாரம்!" எந்த நாடு என்று ஒரு சொல் இல்லை. ஓடவிட்டுப் பார்த்தால் பிரசண்டா. நேபாளம், 2009. இன்றைக்கு நம்முடைய இலங்கையில் பிரதமர் ஒரு பெண், அந்த மீசையைப் பார்த்தாவது ஒரு சந்தேகம் வரவேண்டாமா?

சரி, அந்தக் கதையையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் பேசினதற்கு நேர் எதிரானதுதான் அங்கே நடந்தது. ஆயுதப் போராட்டத்தை விட்டுத் தேர்தலுக்கு வந்த மாவோயிஸ்டுகள் 2008 தேர்தலில் முதலாவதாக வந்து, ஓகஸ்டில் அவர்களின் தலைவர் பிரசண்டா பிரதமரானார். அவர்களுடைய முன்னாள் போராளிகள் 19,602 பேர் ஐ.நா. சரிபார்த்த பட்டியலோடு முகாம்களில் இருந்தார்கள், அவர்களைப் படையில் சேர்ப்பதா இல்லையா என்பதுதான் அடித்தளத்தில் இருந்த சண்டை. இராணுவத் தளபதி கட்டவால் அரசாங்கம் வேண்டாம் என்ற ஆட்சேர்ப்பை நடத்தினார், எட்டு பிரிகேடியர் ஜெனரல்களின் சேவை நீடிப்பிலும் முட்டிக்கொண்டார். 2009 மே 3ஆம் திகதி அமைச்சரவை அவரை நீக்கியது. கூட்டணிக் கட்சி கழன்றது. அன்றிரவே ஜனாதிபதி ராம் பரண் யாதவ், "நீங்கள் பதவியில் தொடருங்கள்" என்று தளபதிக்குக் கடிதம் அனுப்பினார். மறுநாள் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி விலகினார். கட்டவால் அதே வருடம் வழமையாக ஓய்வுபெறும் காலம் வரும்வரை கதிரையில்தான் இருந்தார். பிரதமர் வீட்டுக்கு, தளபதி கந்தோருக்கு. இதில் எந்தக் காணி எப்படி விடுபடும்?

(அந்த மே 4 திங்கட்கிழமை ஐயா முள்ளிவாய்க்காலில் ஒரு பதுங்குகுழிக்குள் இருந்தார். காத்மாண்டுவில் யார் விலகினார் என்று அன்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இத்தனை வருடம் கழித்து வந்து சேர்ந்த செய்தி அவருடைய தவணையைச் சாப்பிட்டுவிட்டது.)

அங்கே அப்படியொரு இழுபறி வந்ததற்குக் காரணம், இடைக்கால அரசியலமைப்பு உச்சத் தளபதி என்ற பெயரை ஜனாதிபதிக்கும் தளபதியை நியமிக்கும் வேலையை அமைச்சரவைக்கும் கொடுத்திருந்தது. ஒரு மாட்டுக்கு இரண்டு கயிறு. நமக்கு அந்தக் குழப்பமே இல்லை. 1978 அரசியலமைப்பின் 30(1)ஐ எடுத்துப் பாருங்கள், தமிழிலும் இருக்கிறது. நாட்டின் தலைவர், ஆட்சித்துறையின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், ஆயுதப்படைகளின் தளபதி, நான்கும் ஜனாதிபதி. அரசாங்கத்தின் தலைவர்கூடப் பிரதமர் இல்லை! இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் "அதெப்படி, பிரதமர்தானே பெரியவர்" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இந்தியச் செய்தியைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். டெல்லியில் பிரதமர்தான் எல்லாம், கொழும்பில் அப்படியில்லை.

நம்பாவிட்டால் 2003ஐ நினைத்துப் பாருங்கள். நவம்பர் 4. பிரதமர் ரணில் வாஷிங்டனில் இருக்கும்போது ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், ஊடகம் மூன்று அமைச்சுகளையும் தன் கைக்கு எடுத்தார். யுத்தநிறுத்தத்தில் கையொப்பமிட்ட பிரதமரிடம் ஆமி இல்லாமல் போனது. அவர் விலகவில்லை, 2004 ஏப்ரல் தேர்தல்தான் அவரை அனுப்பியது. அப்போது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், நவம்பர் 3க்கும் 5க்கும் அங்கே என்ன வித்தியாசம் இருந்தது என்று.

அப்போ ஜனாதிபதியே விலகினால்? அதையும் பார்த்துவிட்டோம். 2022 ஜூலை 14 கோட்டாபய சிங்கப்பூரில் இருந்து விலகல் கடிதம் அனுப்பினார். 20ஆம் திகதி பாராளுமன்றம் அடுத்தவரைத் தெரிவு செய்தது. அந்தக் கிழமை உங்கள் ஊர் ஆமி முகாமின் முட்கம்பி ஒரு முழம் பின்னால் போனதா? முல்லைத்தீவில் விமானப்படை பிடித்து வைத்திருந்த பிலக்குடியிருப்புக் காணி 2017 மார்ச்சில் திரும்பி வந்தது யாரும் விலகியதால் அல்ல. விமானப்படை முகாம் வாசலில் சனம் ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் குந்தியிருந்ததால் வந்தது.

இப்போது கொஞ்சம் ஏசப்போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கடிதம் வந்தால் அன்றைக்கே உடையுங்கள். யார் ஆட்சியில் என்று பார்க்காதீர்கள், என்ன பிரிவு, என்ன திகதி, யார் ஒப்பம் என்று பாருங்கள். ஆட்சேபனைக்குத் தருகிற காலம் 14 நாளாகக்கூட இருக்கலாம். அதை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிப் பதிவுத்தபாலில் போட்டுத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அமைச்சர் அவசரம் என்று அதே சட்டத்தின் 38ஆம் பிரிவில் கட்டளை போட்டால் இழப்பீட்டு விசாரணை முடிய முன்னமே காணியைக் கையேற்பார்கள், அதனால் "வரட்டும் பார்ப்போம்" என்ற கதையே வேண்டாம். அடிப்படை உரிமை வழக்கென்றால் உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோர்ட்) ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது, வவுனியாவிலேயே அவர்களுக்குக் கந்தோர் இருக்கிறது, கொழும்புக்கு பஸ் ஏறவேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாது, சில சட்டத்தரணிகளுக்கும்தான்.

உறுதியோ (சொந்தக் காணிப் பத்திரம்) பெர்மிட்டோ (அரச காணி அனுமதிப்பத்திரம்) இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் அதற்காகச் சும்மா இருக்காதீர்கள். பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகப் பேரேட்டில் தேடலாம், உறுதி என்றால் காணிப் பதிவகத்தில். "மேலிடத்தில் ஆள் மாறியிருக்கு, இப்ப காசு குடுத்தால் விடுவிக்கலாம்" என்று வருகிறவனை வாசலோடு அனுப்புங்கள். ஆட்சி ஆடுகிற மாதங்களில்தான் இவர்கள் கூடுதலாக வருவார்கள், அது என் அனுபவம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, வீடியோ அனுப்ப முதல் அது எந்த நாடு, எந்த வருடம் என்று தயவுசெய்து ஒருதரம் பாருங்கள். உங்களுக்கு அது ஒரு ஃபோர்வேர்ட், ஐயாவுக்கு ஒன்றரை ஏக்கர்.

ஐயாவின் ஆட்சேபனையைத் தாமதத்துக்கான காரணத்தோடு எழுதி அனுப்பினோம். காரணம் என்று நேபாளத்தை எழுத முடியாதே, முதுமை என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. போன கிழமை இன்னொரு பதிவுத்தபால் வந்ததாம். மழைக்குள்ளே சைக்கிளில் கொண்டு வந்து நின்றார், இதுவும் உடைக்காமல்தான்.

"எப்ப வந்தது ஐயா?"

"காலமை. நீங்களே உடையுங்கோ தம்பி."