கடைசி வாய்ப்பும் ஜூன் வெயிலும்

டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறும் கெடு 2021 ஜூன் 29இல் முடிந்தது. பாரிசுக்கு 2024 ஜூன் 30இல். அதனால் நம் மாநிலங்களுக்கிடையேயான தேசியத் தடகளப் போட்டி முதலில் பாட்டியாலாவிலும், அடுத்தது பஞ்ச்குலாவிலும் கெடுவை ஒட்டிய நாட்களில் நடந்தது. வட இந்தியாவின் ஜூன் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவின் யூஜின் இதமான ஊர்தான். அங்கேயே அமெரிக்க ஒலிம்பிக் அணித் தேர்வுப் போட்டி நடந்த 2021 ஜூன் 27 அன்று வெப்பம் 42 டிகிரியை எட்டியது. ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் பங்கேற்ற வீராங்கனை டாலியா புரூக்ஸ் ஈட்டி எறிதலின்போது சுருண்டு விழ, சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். மீதிப் போட்டிகளை இரவு எட்டரைக்குத் தள்ளிவைத்தார்கள். நல்ல முடிவு.

விளையாட்டு மருத்துவராக எனக்குத் தெரிந்தவரை, கடைசி வாய்ப்பில் ஓடுகிறவர் 'முடியவில்லை' என்று தானாகச் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். நடை தள்ளாடுகிறதா? கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறதா? காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா? அது வெறும் களைப்பு இல்லை, ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். 'வேர்க்கிறதே, பயமில்லை' என்று பல கோச்சுகள் நம்புகிறார்கள். ஓடி வந்தவருக்கு ஹீட் ஸ்ட்ரோக்கிலும் வியர்வை கொட்டும். நெற்றியிலும் அக்குளிலும் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டரும் ஏமாற்றிவிடும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியதா என்பதை ஆசனவாய் வழியாக அளந்தால்தான் நம்பலாம். கூச்சப்பட இது நேரமில்லை.

108-ஐக் கூப்பிடுங்கள், ஆனால் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை உட்கார வைத்து, தலை முங்காமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து உள்ளே ஐஸ் தண்ணீரை ஊற்றலாம். விழுந்த அரை மணிக்குள் சூடு இறங்கினால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

அப்புறம், ஊட்டிக் குளிரில் பயிற்சி முடித்து, போட்டிக்கு முந்தின நாள் நேராகப் பஞ்ச்குலாவில் போய் இறங்குவது ஆபத்து. உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ரயில் டிக்கெட்டை அந்தக் கணக்கில் போடுங்கள்.