எல்லா ‘டிக்’கும் ஒரே சத்தம்தான்

எங்கள் தாத்தா பினாங்கில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைகளுக்கெல்லாம் போய்க் கச்சாங் பூத்தே (கடலை, பயறுத் தீனி) விற்றவர். அவருடைய பெட்ரோமாக்ஸ் விளக்கு இன்னும் ஆயர் ஈத்தாம் வீட்டு ஸ்டோர் ரூமில் இருக்கிறது. போன மாதம் அதைத் துடைத்துவைக்க இறக்கியபோது கூடவே ஒரு பிஸ்கட் டின் வந்தது. உள்ளே எரிக்காத மேண்டில் ஒன்று (விளக்கில் மாட்டினால் சூடேறி வெளிச்சம் தரும் வலை), பாலிதீன் உறையில், வெள்ளைத் துணிவலையாக மடங்கிக் கிடந்தது. பழைய மேண்டில் என்றால் அநேகமாகத் தோரியம் இருக்கும். தோரியம் இருந்தால் கதிரியக்கமும் இருக்கும். வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கிற அண்ணன் மகள். என் மேசையில் கதிரியக்கத்தை எண்ணும் ஒரு கைகர் கவுண்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கதிர்வீச்சின் மூன்று வகைகளைப் பற்றி, “ஆல்ஃபாவைக் காகிதம் நிறுத்தும், பீட்டாவை அலுமினியம் நிறுத்தும், காமாவை ஈயம் நிறுத்தும். அவ்வளவுதான் சித்தப்பா” என்றாள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் மூன்றாவது வரி பாதிதான் உண்மை. முதல் வரி எங்களை எப்படி ஏமாற்றியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். கைகர் குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் ஒரு வாயு. நடுவில் ஒரு கம்பி. கம்பிக்கும் சுவருக்கும் இடையே சில நூறு வோல்ட். வெளியிலிருந்து வரும் ஒரு துகள் ஒரே ஒரு எலக்ட்ரானைப் பிய்த்துவிட்டால் போதும். அது கம்பியை நோக்கி ஓடும் வழியில் மற்ற அணுக்களை மோதி மேலும் எலக்ட்ரான்களைக் கிளப்ப, நொடிக்குள் பெரிய சரிவே ஏற்பட்டு ஒரு ‘டிக்’ கேட்கும். வந்தது ஆல்ஃபாவோ பீட்டாவோ காமாவோ, சரிவின் அளவு ஒன்றுதான், சத்தமும் ஒன்றுதான். யாரோ கதவைத் தட்டினார்கள் என்று கருவி சொல்லும். யார் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க வழியில் எதையாவது வைத்து, யார் நின்றுபோகிறார்கள், யார் தாண்டி வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஏன் சிலர் நிற்கிறார்கள்? தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு ஒருமுறை நிறுத்தம், அர்ச்சனை, தேங்காய். விடியலில் கிளம்பினால் சேர்வதற்குள் இரவாகிவிடும். ஆல்ஃபா அந்த ரதம். இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த ஹீலியம் கரு. எலக்ட்ரானைப்போல 7,300 மடங்கு எடை, இரட்டை மின்னூட்டம். போகிற வழியெல்லாம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துக்கொண்டே போகும். சில புகை எச்சரிக்கைக் கருவிகளில் இருக்கும் அமெரிசியம்-241 வீசும் ஆல்ஃபா, காற்றில் சுமார் 4 சென்டிமீட்டர் போவதற்குள் ஒன்றரை லட்சம் அணுக்களையாவது அப்படித் தொட்டிருக்கும். அதோடு சக்தி தீர்ந்தது. பீட்டா வெறும் எலக்ட்ரான். கூட்டத்துக்குள் புகுந்து இடித்து வளைந்து ஓடும் பையன் மாதிரி, காற்றில் சில மீட்டர் வரைக்கும் போகும். காமா ஒளியின் இனம், மின்னூட்டமே கிடையாது. யாரையும் தொடாமல் நெடுந்தூரம் போய்த் திடீரென்று ஒருவர்மேல் மோதும். மோதாமலேயே வெளியே போய்விடுவதும் உண்டு.

சரி, சோதனைக்கு வருவோம். மேசையில் தட்டு, அதன்மேல் செய்தித்தாள், கையில் கையுறை. தோரியத் தூள் வெளியே இருக்கும்வரை பெரிய கவலை இல்லை, மூச்சோடு உள்ளே போனால்தான் கெடுதல். எரித்த மேண்டில் தொட்டாலே பொடியாகிவிடும் சாம்பல். அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் இந்த வேலையில் இறங்கியே இருக்க மாட்டேன்.

மேசையில் எதுவும் இல்லாமல் 5 நிமிடத்தில் 195 டிக். இது பின்னணி. பினாங்குத் தீவு பெரும்பாலும் கருங்கல், கருங்கல்லில் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் எப்போதும் உண்டு. மேலே வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் வேறு. இதை முதலில் எண்ணிக் கழிக்காவிட்டால் பின்னால் எல்லாக் கணக்கும் தப்பும்.

மேண்டிலை வைத்தோம்: 2,060. நடுவே ஒரு காகிதத்தைச் செருகினோம்: 2,035.

“25 குறைஞ்சிருக்கு. அப்போ ஆல்ஃபா கொஞ்சம் இருக்கு!”

இல்லை. கதிரியக்கம் சீராகச் சொட்டும் குழாய் அல்ல, எப்போது சிதைவது என்பது ஒவ்வொரு அணுவுக்கும் குருட்டாம்போக்கு. அதனால் எண்ணிய எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் தானாகவே வரும். 2,000 என்றால் ஏறத்தாழ 45. இரண்டு எண்களை ஒப்பிடும்போது ஆட்டம் இன்னும் கூடி 64 ஆகிவிடும். அதற்குள் 25 ஒரு பொருட்டே இல்லை. காகிதம் எதையும் நிறுத்தவில்லை.

அப்படியானால் ஆல்ஃபாவே இல்லையா? தோரியம்-232 ஆல்ஃபா வீசியே தீரும். அது சிதைந்து உண்டாகும் வாரிசுகளில் சிலதும் ஆல்ஃபாதான். பத்து நிமிடம் நான் கருவியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். சில குழாய்களின் உலோகச் சுவர் ஆல்ஃபாவை உள்ளேயே விடாது என்பதால் நியாயமான சந்தேகம்தான். ஆனால் என்னுடையதில் மெல்லிய மைக்கா ஜன்னல் இருக்கிறது. கடைசியில் அவள்தான் கேட்டாள்: “சித்தப்பா, இந்த உறையைப் பிரிக்கவே இல்லையே?”

பாலிதீன்! நாங்கள் காகிதம் வைப்பதற்கு முன்பே தாத்தா காலத்து உறை ஆல்ஃபாவை நிறுத்தி வைத்திருந்தது.

உறையைப் பிரித்து, ஜன்னலுக்கு 5 மில்லிமீட்டர் கிட்டே வைத்தோம்: 3,120. காகிதம்: 2,110. ஆயிரத்துக்கு மேல் போயிற்று, இது ஆட்டம் அல்ல. 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு: 365. பீட்டாவில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சத்தில் பின்னணி 195-ஐக் கழித்தால் 170, அதில் பெரும்பாலும் காமா. கைகர் குழாய் தன் வழியே போகும் காமாவில் நூற்றில் ஒன்று போலத்தான் பிடிக்கும். ஆகவே 170 என்பதால் காமா குறைவு என்று எண்ணிவிட வேண்டாம்.

வரிசையையும் கவனிக்க வேண்டும். மெல்லியதில் ஆரம்பித்துக் கனமானதுக்குப் போனால்தான் ஒவ்வொரு சரிவும் தனித்தனியாகத் தெரியும். எடுத்த எடுப்பில் ஈயத்தை வைத்தால் எல்லாம் ஒன்றாக விழும். அதோடு, வேகமான பீட்டா ஈயம் போன்ற கனமான அணுவில் மோதும்போது புதிதாக எக்ஸ் கதிர்களும் கிளம்பும். பீட்டாவுக்கு அலுமினியம் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1899-இல் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு செய்ததும் ஏறக்குறைய இதுதான். யுரேனியத்தின்மேல் மெல்லிய அலுமினியத் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். முதல் சில தாள்களில் கதிர்வீச்சு சட்டென்று விழுந்தது; அப்புறம் எத்தனை வைத்தாலும் மெதுவாகத்தான் குறைந்தது. ஒரே இனம் என்றால் இப்படி இரண்டு சரிவு வராது. சீக்கிரம் விழுந்ததற்கு ஆல்ஃபா, தாக்குப்பிடித்ததற்கு பீட்டா என்று பெயர் வைத்தார். மறு ஆண்டு பாரிஸில் பால் வில்லார், ரேடியத்திலிருந்து காந்தத்துக்கு வளையாத ஒன்று வருவதைப் பார்த்தார். அதற்குக் காமா என்ற பெயர் பிறகு வந்தது. காந்தமும் நல்ல சாட்சிதான். பீட்டா எளிதில் ஒருபக்கம் வளையும், ஆல்ஃபா எதிர்ப்பக்கம், அதுவும் மிகக் கொஞ்சமாக, காமா அசையாது. ஆனால் ஆல்ஃபாவின் வளைவைப் பார்க்க வெற்றிடமும் பலமான காந்தமும் வேண்டும். அதெல்லாம் சமையலறை மேசையில் நடக்காது.

கடைசியாக ஈயம். அலுமினியத்துக்குமேல் 5 மில்லிமீட்டர் ஈயத் தகடு வைத்தோம்: 310. பின்னணி போக 115 இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு இது பிடிக்கவில்லை, “ஈயம் நிறுத்தணுமே” என்றாள். ஆல்ஃபாவுக்கு ஓர் எல்லைத் தூரம் உண்டு, அதைத் தாண்டினால் ஒன்றுகூட வராது. காமா அப்படி இல்லை. ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் மோதுமா மோதாதா என்பது வாய்ப்புதான். கோபால்ட்-60 வீசும் காமாவை 12 மில்லிமீட்டர் ஈயம் பாதியாக்கும். இன்னொரு 12 வைத்தால் கால். இன்னொன்று வைத்தால் அரைக்கால். எவ்வளவு அடுக்கினாலும் குறையும், பூஜ்ஜியம் ஆகாது.

இந்தத் தோரியம் எங்கிருந்து வந்திருக்கும்? மேண்டிலைக் கண்டுபிடித்த ஆஸ்திரியர் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக், 99 பங்கு தோரியமும் 1 பங்கு சீரியமும் கலந்தால் வெளிச்சம் பிரமாதம் என்று கண்ட பிறகு, தோரியம் உள்ள மோனசைட் மணலுக்குக் கிராக்கி ஏறியது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அது உண்டு. இங்கே மலேசியாவில் சுரங்கங்களில் வெள்ளீயம் எடுத்த பின் மிஞ்சும் ‘அமாங்’ மணலிலும் உண்டு. தாத்தாவின் மேண்டிலுக்கு எந்த மணல் போயிற்றோ, உறையில் எழுத்து அழிந்துவிட்டது.

மறுநாள் ஹார்ட்வேர் கடையில் புது மேண்டில் ஒன்று வாங்கி வந்தாள். இப்போது வருபவற்றில் பலதில் தோரியத்துக்குப் பதில் யிட்ரியம். இந்த முறை உறையைப் பிரித்துவிட்டுத்தான் வைத்தாள். 5 நிமிடத்தில் 201. பின்னணி 195. வர்க்கமூலம் போட்டுப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல சித்தப்பா, விளக்குல மாட்டிடலாம்” என்றாள்.