எண்ணாகத் தெரிவதெல்லாம் எண் அல்ல

மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகும்போது பெரும்பாலும் ரப்பர் ஷீட் கணக்கில்தான் தொடங்குவார்கள். ஒரு கட்டு 12 கிலோ, இன்னொன்று 8 கிலோ. பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் இன்புட் வழியாக இரண்டையும் வாங்கிக் கூட்டினால் 128 என்று வரும். "சார், கம்ப்யூட்டர் தப்பா கூட்டுது!"

அது கூட்டவே இல்லை, ஒட்டியிருக்கிறது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் பைத்தானின் இன்புட் அதை ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எழுத்துச் சரமாகத்தான் தரும். இன்ட், அதாவது முழு எண் என்று மாற்றிவிட்டுக் கூட்டினால் 20 வரும். எடை 12.4 என்று தட்டினால் இன்ட் அதை ஏற்காமல் பிழை காட்டி நின்றுவிடும். அங்கே தசம எண்ணுக்கான ஃப்ளோட் வேண்டும்.

முழு எண்ணுக்கு இன்ட், தசமத்துக்கு ஃப்ளோட், எழுத்துக்கு ஸ்ட்ரிங், ஆம் அல்லது இல்லை என்பதற்கு பூலியன். இந்தத் தரவு வகைகளை (டேட்டா டைப்) ஒரே வகுப்பில் மனப்பாடம் செய்துவிடலாம். எதற்கு எது என்று முடிவு செய்யும் இடத்தில்தான் தடுமாறுவார்கள். நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இதை வைத்துக் கணக்குப் போடப் போகிறாயா?

நாகர்கோவிலின் எஸ்டிடி கோடு 04652. இதை இன்டாகச் சேமித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய் 4652 ஆகிவிடும். கடைகளில் எக்செலில் வைத்திருக்கும் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் இந்தப் பூஜ்யம் தொலைந்த எண்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். 629001 என்ற பின்கோடும் ஆதார் எண்ணும் இதே வகைதான். இரண்டு பின்கோடுகளைக் கூட்டி யாருக்கு என்ன லாபம்? ஸ்ட்ரிங்காகவே வையுங்கள்.

தலைகீழாகவும் நடக்கும். தோவாளை மார்க்கெட் பூ விலைகளை ஸ்ட்ரிங்காக வைத்துக்கொண்டு ஏறுவரிசை கேட்டால் 1200, 300, 85 என்று அடுக்கித் தரும். முதல் எழுத்தான 1, 3, 8 ஆகியவற்றைத்தான் அது ஒப்பிடுகிறது. எனக்கு இந்த வகைப் பிழைமேல்தான் பயம் அதிகம். புரோகிராம் நிற்காது, சிவப்பில் ஒரு வரிகூட வராது, தப்பான பட்டியல் மட்டும் கைக்கு வந்துவிடும்.

அப்புறம் காசு. பைத்தானில் 0.1 + 0.2 என்று போட்டுப் பாருங்கள்: 0.30000000000000004. ஃப்ளோட் எண்களை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 மட்டுமே கொண்ட முறையில் சேமிக்கும், 0.1 அந்த முறையில் முடிவில்லாமல் நீளும், அதனால் எங்கோ வெட்டியாக வேண்டும். பில்லிங்குக்கு ஃப்ளோட் வைக்க நான் விடுவதே இல்லை. 49.50 ரூபாயை 4950 பைசாவாக்கி இன்டில் வைக்கலாம், அல்லது தசம எண்ணைத் தசமமாகவே வைக்கும் டெசிமல் வகையை எடுத்துக்கொள்ளலாம்.

பாலிடெக்னிக்கில் சி மொழி படிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. பைத்தான் இன்ட் எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும். சி மொழியில் இன்ட் இன்று பொதுவாக 32 பிட், அதாவது 32 இடங்களில் 0 அல்லது 1; 2147483647-ஐத் தாண்டாது. மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டே சாட்சி. 1996 ஜூன் 4 அன்று, முதல் பயணத்தில், கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் வெடித்தது. 64 பிட் ஃப்ளோட் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்ததில் தொடங்கிய கோளாறு அது. ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி பக்கத்திலேயே இருப்பதால் ராக்கெட் கதை என்றால் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். சரி, நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் செல்போன் எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். ஒன்றுகூட சி மொழியின் அந்த 32 பிட் இன்டுக்குள் அடங்காது. உடனே பையன்கள், இன்னும் பெரிய முழு எண்ணுக்கான வகையை நினைத்து, "லாங் லாங் போடலாமா சார்?" என்பார்கள். வேண்டாம், அதுவும் ஸ்ட்ரிங்தான்.